ஆய்வேட்டில் இடம்பெறாத படிப்பு

"இன்னுமா படிச்சு முடிக்கல?"

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து வரும் இந்தக் கேள்விக்குத் தப்பிய பி.எச்டி. ஆய்வாளர் திண்டுக்கல் வட்டாரத்தில் அபூர்வம். கேட்பவர் பெரியப்பாவாகவோ அத்தையாகவோ இருப்பார். கெட்ட எண்ணம் இருக்காது. பதில் சொல்வதுதான் பெரும்பாடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பி.எச்டி.க்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள், பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை அவகாசம். அத்தனை காலம் பிள்ளை என்னதான் செய்கிறது என்று வீட்டாருக்குப் புரிவதில்லை. சில வாரங்களில் அந்தப் பிள்ளைக்கே புரிவதில்லை.

ஆராய்வதற்கு இங்கே விஷயம் இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இறங்கிய கிணறுகள் இருக்கின்றன. அவற்றின் தண்ணீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பல ஆண்டுகளாக அளந்துகொண்டிருக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இருக்கிறது. குறியீடு வந்த பிறகும் பட்டறைக்குப் புதிதாக ஆள் வராதது ஏன் என்பது பொருளியல் ஆய்வாளருக்குக் கிடைத்த கேள்வி. சின்னாளபட்டிச் சுங்குடி, சிறுமலை வாழை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டைப் பூ என்று ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குத் தாங்கும். ஆளுக்கும் குறைவில்லை. 2014-15இல் நாடு முழுவதும் பி.எச்டி. படித்தவர்கள் 1.17 லட்சம் பேர். 2021-22இல் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மாநில வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது.

கூட்டம் பெருகியும் வேலை என்னவோ தனியாள் வேலைதான். கைடு ஒருவர், தலைப்பு ஒன்று, மேசை ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரல் கமிட்டி கூடும், மூன்று, நான்கு பேர் கேள்வி கேட்பார்கள், மறுபடி மேசை. இந்தத் தனிமையின் விலையைச் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். 'நேச்சர்' இதழ் 2019இல் பல நாடுகளிலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பி.எச்டி. மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 சதவீதத்தினர் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்குக்கும் மேல் என்றது.

இப்படிப்பட்ட நிலையில் உள்ள ஒருவரிடம் ஓர் அறிவியல் சங்கமோ ஆய்வாளர் சங்கமோ போய், "சங்கத்துக்கு வாங்க, செயற்குழுவில ஒரு பொறுப்பு எடுத்துக்குங்க, சம்பளம் கிடையாது" என்று சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியம். ஆனாலும் பலர் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஆள் மாறியும் இருக்கிறார்கள். காரணம் மர்மமானதல்ல. சங்க வேலை ஆய்வாளரைத் தன் கைடைத் தவிர வேறு பலருக்கும் பதில் சொல்லவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆய்வகத்தில் பிழை செய்தால் கைடு திட்டுவார். நூறு குழந்தைகளை வரச்சொல்லிவிட்டு ஹாலின் சாவி வாங்க மறந்தால் கிடைக்கும் பாடம் வேறு வகை.

தமிழ்நாட்டில் இதற்குக் கண்முன் இருக்கும் பெரிய உதாரணம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் சென்னையை ஒட்டி வேலை பார்த்த விஞ்ஞானிகளும் ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. பக்கத்து மாநிலத்தில் 1962இல் கோழிக்கோட்டில் பிறந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் அவர்களுக்கு முன்மாதிரி. அன்று அவர்கள் கையில் கட்டடமும் இல்லை, நிதியும் இல்லை. ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதப் பழகிய கையால் தமிழில் துண்டுப் பிரசுரம் எழுத வேண்டியிருந்தது. அது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத்தான் தெரியும். தன் துறையை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர் ஆங்கிலக் கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லும்போது ஒளிய இடமில்லை.

1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து இத்தகைய இயக்கங்கள் சேர்ந்து நடத்திய பாரத ஜன விஞ்ஞான ஜாதா என்ற பயணம் புறப்பட்டு, ஊர் ஊராக நாடகமும் பாட்டும் நடத்திக்கொண்டே போய், சி.வி. ராமன் பிறந்த நாளான நவம்பர் 7 அன்று போபாலில் கூடியது. விஷவாயு விபத்து நடந்து மூன்றாண்டுகூட ஆகாத போபால் அது. அதே ஆண்டில் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழும் வெளிவரத் தொடங்கியது. அதன் பெயரிலேயே ஊர்களில் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் மன்றங்கள் முளைத்தன. அடுத்து வந்தது எழுத்தறிவு அலை. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. தொடர்ந்து தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம். 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்ட கதையைத் தமிழ்நாடு அறியும்.

இந்த வேலைகளுக்குப் போன அறிவியல்காரர்கள் என்ன ஆனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆர். ராமானுஜம் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டுக் கணினியியல் பேராசிரியராக இருந்தவர். தர்க்கவியல் அவர் துறை. காகிதமும் பேனாவும் போதும் என்கிற துறை அது, வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை. அறிவியல் இயக்கத்திலும் அறிவொளியிலும் உழைத்த அவர், 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றிய குழுவுக்குத் தலைவரானார். 2020ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி அறிவியல் பரப்புரைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க 2022இல் அமைத்த குழுவிலும் இருந்தார். இன்னொருவர் டி. சுந்தரராமன். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், புதுவை அறிவியல் இயக்கக்காரர். சத்தீஸ்கரில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பெண் சுகாதாரத் தொண்டர் என்ற 'மிதானின்' திட்டத்தைக் கட்டியெழுப்பியதில் முக்கியப் பங்கு வகித்தார். பின்னால் தேசிய அளவில் வந்த ஆஷா தொண்டர் திட்டத்துக்கு மிதானின் ஒரு முன்னோடி. மத்திய சுகாதாரத் துறைக்கு ஆலோசனை சொல்லும் தேசிய சுகாதார அமைப்பு வள மையத்தை 2007 முதல் 2014 வரை அவரே நடத்தினார்.

இந்த இருவரைச் சொல்வதால் சங்கத்தில் சேர்ந்தவர்கள் எல்லாம் தில்லிக் குழுக்களுக்குப் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலோர் போவதில்லை. உள்ளூர்க் கல்லூரியில் நல்ல ஆசிரியராகிறார்கள், அல்லது சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கவனிக்கவேண்டியது வேறு: இருவருமே தங்கள் துறைக்குள் இருந்த ஒரு கேள்வியைத் தெருவில் கண்டெடுத்தார்கள். கணக்கு ஏன் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்பதும், மருந்து இருந்தும் நோயாளியை ஏன் எட்டவில்லை என்பதும் நூலகத்தில் உட்கார்ந்து வந்த கேள்விகள் அல்ல.

திண்டுக்கல்லுக்கு வருவோம். 2019 டிசம்பர் 26 காலை. ஊட்டி, கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளைய சூரிய கிரகணப் பாதை போனது. திண்டுக்கல்லில் காலை ஒன்பதரை மணியளவில் மூன்று நிமிட அளவுக்குச் சூரியன் வளையமாகும் என்று கணக்கு. எந்த ஊருக்கும் லேசில் வாய்க்காத காட்சி. இத்தகைய நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே அறிவியல் இயக்கத்தினரும் வானியல் ஆர்வலர்களும் பயிற்சி முகாம்கள் நடத்துவார்கள். கருத்தாளர்கள் தயாராக வேண்டும். இயற்பியல் படித்தவர் என்பதற்காக ஒருவர் கிரகணத்தை விளக்கிவிட முடியாது என்பது முதல் முகாமிலேயே தெரிந்துவிடும்.

விளக்கவேண்டியது நிழலைப் பற்றி மட்டுமல்லவே. கிரகண நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்ப்பது, சமைக்காமல் இருப்பது, மாசமாக இருக்கும் பெண்ணை வெளியே விடாமல் இருப்பது எல்லாம் இந்த வட்டாரத்தில் வழக்கம். இருபத்தாறு வயது ஆய்வாளர் ஒருவர் எழுபது வயதுப் பாட்டியிடம் "இது மூடநம்பிக்கை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. அனுபவப்பட்ட தொண்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. "அம்மாச்சி, நாளைக்கும் இதே உலக்கையை நிறுத்திப் பாப்போமா?" என்பார்கள். அடிப்பக்கம் சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும், கிரகணம் வேண்டியதில்லை. பாட்டியே நிறுத்திக் காட்டிவிட்டுச் சிரித்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு கருதுகோள், ஒரு ஒப்பீட்டுச் சோதனை, முடிவை எதிராளியே சொல்லும்படி விடுவது. ஆராய்ச்சி முறையியல் தாளில் இதைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் அன்றுதான் அது கைக்கு வருகிறது.

கருவிகளும் அப்படியே. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது; அதற்கான வடிகட்டிக் கண்ணாடி எல்லோருக்கும் வாங்கக் காசு இருக்காது. ஒரு ரப்பர் பந்தில் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, பந்தை ஒரு குவளைமேல் வைத்து, எதிரொளியை இருட்டறைச் சுவரில் விழவைத்தால் போதும். சுவர் எவ்வளவு தூரமோ அதில் ஏறத்தாழ நூற்றுப்பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சூரியனின் பிம்பம் விழும். பதினோரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். செலவு சில ரூபாய். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிக்காக மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து பழகிய ஆய்வாளருக்கு இந்தப் பந்து கொஞ்சம் ரோஷத்தைக் கிளப்பும். கிளப்பினால் நல்லது.

சூரியன் என்றதும் திண்டுக்கல்காரர்கள் மேற்கே பழனி மலையை நிமிர்ந்து பார்க்கலாம். அதே மாவட்டத்தில், கொடைக்கானலில், 1899 முதல் சூரிய ஆய்வுக்கூடம் இயங்குகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். உலகப் பாடநூல்கள் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்கின்றன. அந்த எவர்ஷெட் எங்கிருந்து வந்தார் என்பது நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. அவர் பல்கலைக்கழகத்து ஆள் அல்ல. பகலில் வேதியியல் பகுப்பாய்வு வேலை, மிச்ச நேரத்தில் சொந்தத் தொலைநோக்கி. 1890இல் பிரிட்டிஷ் வானியல் சங்கம் தொடங்கியபோது 26 வயதில் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார்; சங்கத்தின் நிறமாலைப் பிரிவைச் சம்பளமில்லாமல் நடத்தினார். 1896இல் சங்கம் கிரகணம் பார்க்க நார்வேயின் வாட்சோவுக்குக் கப்பலில் போனது. மேகம் மூடிக் கிரகணத்தைக் கெடுத்துவிட்டது. பயணம் வீணாகவில்லை: அதே குழுவில் வந்திருந்த மேரி ஆர் என்ற வானியல் ஆர்வலரை அவர் சந்தித்தார். 1906இல் திருமணம். 1907இல் இருவரும் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள்.

மேரியின் பங்கு அடிக்கடி அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களை 1916 வரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பிரிட்டிஷ் வானியல் சங்கமோ தொடக்கத்திலிருந்தே கதவைத் திறந்து வைத்திருந்தது. கொடைக்கானலில் கணவரோடு சூரியச் சுவாலைகளை ஆராய்ந்த மேரி, பின்னால் 1930 முதல் 1944 வரை சங்கத்தின் வரலாற்றுப் பிரிவை நடத்தி, நிலவின் பள்ளங்களுக்குப் பெயர் தந்தவர்கள் யார் யார் என்ற தொகுப்பை 1938இல் உறுப்பினர்களைக் கொண்டே உருவாக்கினார். பெரிய நிறுவனம் வாசலிலேயே நிறுத்தியவருக்குச் சின்னச் சங்கம் ஒரு பிரிவையே கையில் கொடுத்தது. இன்றும் பல இளம் ஆய்வாளர் சங்கங்களின் முதல் பயன் இதுதான்: முப்பது வயதுக்குள் ஒரு பொறுப்பை முழுதாக நடத்திப் பார்க்கும் வாய்ப்பு. பல்கலைக்கழகத் துறையில் அதற்கு நாற்பத்தைந்து ஆக வேண்டும்.

கடல் கடந்த உதாரணம் ஒன்றும் நமக்கு நெருக்கமானது. 1991இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பி.எச்டி. மாணவராக இருந்த ரவி குச்சிமஞ்சி நண்பர்களோடு சேர்ந்து 'எய்ட்' என்ற இந்திய வளர்ச்சிக்கான சங்கத்தைத் தொடங்கினார். வாரம் ஒரு மணி நேரக் கூட்டம், மாணவர்களின் சொந்தக் காசு, இந்தியாவில் எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்று வெளிப்படையான விவாதம். அதே மேரிலாந்தில் மின்பொறியியலில் பி.எச்டி. முடித்தவர் பாலாஜி சம்பத், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அந்தச் சங்கத்தில் தொண்டராக உழைத்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சென்னை திரும்பினார். அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார், 'எய்ட் இந்தியா'வைக் கட்டினார், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பயிற்சியை மாநில அளவுக்குக் கொண்டுபோனார். வாராந்தரக் கூட்டத்தில் ஒரு கிராமத்தின் திட்ட மனுவைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கு, ஊர் திரும்பியபின் தானே திட்டம் எழுதுவது புது விஷயமாக இருந்திருக்காது.

மேலே சொன்னவை ஊருக்கு உழைக்கும் சங்கங்கள். தனக்காகவே கூடும் சங்கங்களும் உண்டு. அவற்றை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2014இல் மாதம் 16,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது, 2019இல் 31,000, 2023இல் 37,000. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் நாடு முழுக்க ஆய்வாளர்கள் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, தில்லியில் அமைச்சக வாசலில் நின்றிருக்கிறார்கள். நெட் தேர்வு வழியே உதவித்தொகை பெறாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைத்துவந்த மாதம் 8,000 ரூபாயை நிறுத்தப்போவதாக 2015இல் மானியக் குழு முடிவெடுத்தபோது மாணவர்கள் அதன் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள், உதவித்தொகை நிற்கவில்லை. மாநிலக் கல்லூரிகளில் அந்த எட்டாயிரமும் இல்லாமல், பகுதி நேர ஆசிரியர் வேலையும் ஆராய்ச்சியுமாக ஓடுகிறவர்கள் ஏராளம்.

இத்தகைய போராட்டங்களில் கோஷம் போடுவது மிகச் சிறிய பகுதி. யாருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று பட்டியல் எடுக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி அனுப்ப வேண்டும். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரு வரி வரும். அரசாணையைப் படித்து எந்தப் பத்தி தமக்குச் சாதகம், எது பாதகம் என்று பிரிக்க வேண்டும். நிருபருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். முக்கியமாக, எல்லோரும் கொதித்திருக்கும் கூட்டத்தில் ஒருவர் நிதானமாக மினிட் எழுத வேண்டும். மினிட் எழுதத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் வேலை கிடைக்கும் என்று பழைய தொழிற்சங்கக்காரர்கள் சொல்வது பாதி வேடிக்கை.

சங்கத்தில் கிடைக்கும் வளர்ச்சியைச் சான்றிதழாக எழுதச் சொன்னால் சற்று அற்பமாகத் தோன்றும். மைக் கையில் வந்தால் தொண்டை அடைக்காமல் பேசுவது. வவுச்சர் இல்லாமல் ஒரு டீச்செலவுகூடக் கணக்கில் ஏறாது என்று நண்பனிடமே சொல்வது. தன் யோசனை வாக்கெடுப்பில் தோற்றபின் வென்ற யோசனைக்காக ஓடி வேலை செய்வது. இந்தக் கடைசி விஷயம் ஆய்வாளர்களுக்குக் குறிப்பாகக் கசக்கும். ஆய்வேடு முழுக்கத் தன் வாதமே சரி என்று நிறுவப் பயிற்சி பெற்றவர்கள் அல்லவா! வேறு துறைக்காரரின் மொழி காதில் விழுவதும் இங்கேதான். தண்ணீரில் குரோமியம் அளக்கும் வேதியியல் ஆய்வாளரும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் பொருளியல் ஆய்வாளரும் ஒரே வளாகத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தும் பேசிக்கொள்ளாமல் போவது சாதாரணம். நோட்டீஸ் மடிக்க உட்காரும்போது பேசுவார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டைத் தள்ளிப்போட உலகத்தில் இருக்கும் சாக்குகளிலேயே மிக மரியாதையானது சங்க வேலை. 'ஊருக்காக ஓடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு நான்காம் அத்தியாயத்தை இரண்டு ஆண்டுகள் எழுதாதவர்கள் எல்லா வளாகத்திலும் உண்டு. கைடு முகம் சுளித்தால் முழுக்க அவர் குற்றமென்று சொல்ல முடியாது. நேரமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று வைத்தால், வத்தலகுண்டுப் பக்கமோ நத்தம் பக்கமோ ஊருக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பெண் வரமாட்டார். விடுதிக் கதவு மூடும் நேரமும் குறுக்கே நிற்கும். பிறகு அதே சங்கம் "பெண்கள் பொறுப்புக்கு வருவதில்லை" என்று தீர்மானத்தில் வருத்தம் தெரிவிக்கும். மதிய உணவு இடைவேளையில் கூட்டம் போடலாம் என்ற எளிய யோசனை தோன்றவே சில சங்கங்களுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். டீ வாங்குவதும் கோலம் போடுவதும் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு ஊருக்கு உழைக்கும் விஷயத்தில் ஒரு பழைய பலம் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனரின் மகளான டாக்டர் டி.எஸ். சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றவர். கை நிறையச் சம்பாதிக்கும் வழி திறந்திருந்தும், ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது; 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டோடு விரிவாக்கப் பணியையும் மூன்றாவது காலாக அந்த நிறுவனம் வைத்திருக்கிறது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்யும் முகாம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சாந்தி சேனா என்ற தொண்டர் படையும் உண்டு. பிற ஊர்களில் ஆய்வாளர் ஒருவர் "கிராமத்துக்குப் போகிறேன்" என்றால் ஏன் என்று கேட்பார்கள். இங்கே எந்தக் கிராமம் என்று கேட்பார்கள்.

ஆனால் கட்டாயப் பாடமாகக் கிராமத்துக்குப் போவதும், தாமே கூடிச் சங்கம் நடத்துவதும் ஒன்றாகிவிடாது. முன்னதில் பஸ் ஏற்பாடு செய்ய ஒரு அலுவலகம் இருக்கிறது. பின்னதில் பஸ் வராவிட்டால் யாரும் இல்லை. ஆய்வாளர் வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் உதவியோ ஆராய்ச்சி உதவியோ செய்யலாம் என்று 2022 விதிமுறை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தைச் சங்கப் பொறுப்புக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் எதுவும் குடிமுழுகிப் போய்விடாது. கைடுகளின் முகச்சுளிப்பு பாதியாகக் குறையும்.

இளையவர் சங்கங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், இளையவர்கள் இளையவர்களாகவே இருப்பதில்லை என்பது. 2010இல் உருவான உலக இளம் அறிவியலாளர் அகாதமி இதை விதியாலேயே தீர்த்துவிட்டது: உறுப்பினர் பதவி ஐந்தே ஆண்டுகள், பிறகு வெளியேற வேண்டும். 2014 டிசம்பரில் இந்திய தேசிய அறிவியல் அகாதமியின் கீழ் தொடங்கிய இந்திய தேசிய இளம் அறிவியலாளர் அகாதமியும் அதே வழியில் போகிறது. துருவப் பகுதிகளை ஆராயும் இளம் விஞ்ஞானிகள் 2007-08 சர்வதேச துருவ ஆண்டையொட்டி அமைத்த சங்கத்திலும் நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் செயலாளர் பதவி சில நேரம் ரேஷன் கார்டு மாதிரி ஒருவர் பெயரிலேயே இருந்துவிடும். இளையவர்கள் வந்து பார்ப்பார்கள், நாற்காலி போடுவார்கள், போய்விடுவார்கள்.

பொறுப்பைச் சிறு துண்டாக்கிக் கொடுத்துப் பழக்க இந்த வட்டாரத்திலேயே வழிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், திண்டுக்கல்லில் நண்பகலில் நேராக நட்ட கம்பிக்கு நிழல் விழாத நாள் வருகிறது. ஒரு பள்ளி மைதானமும் ஒரு பொறுப்பாளரும் போதும். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையில் ஆய்வு செய்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஆள் எப்போதும் பற்றாது. 2031 மே 21 அன்று இன்னொரு வளைய சூரிய கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. வளையம் மதுரைப் பக்கம் தெரியும்; திண்டுக்கல்லிலும் சூரியனின் பெரும்பகுதி மறையும். இன்று பொறுப்பில் இருக்கும் ஆய்வாளர்கள் அதற்குள் வைவா முடித்து எங்கெங்கோ போயிருப்பார்கள். அன்றைக்குப் பள்ளிகளில் ஹாலின் சாவி வாங்கி வைக்கவேண்டியவர்கள் இப்போது இளங்கலை முதலாண்டிலோ பிளஸ் டூவிலோ படித்துக்கொண்டிருக்கிறார்கள்.